பெர்சிஸ் எழுதாத மெயில்

பெர்சிஸ் அயர்லாந்து வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டாள் என்கிற சேதி, திங்கட்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு, பெர்சிஸுக்கே தெரியவந்தது.

சொன்னவள் ஸ்வாதி. இருவரும் தென்காசியில் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டப்ளின் ஆஸ்பத்திரியின் நேர்காணலுக்கும் ஒன்றாகவே போனவர்கள். பெர்சிஸ் தேர்வானாள். ஸ்வாதி காத்திருப்போரில் முதல் ஆள். இப்போது அவள் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறிவந்து போனை நீட்டினாள்.

“ஏட்டி, நீ போகலையா? உன் எடத்த எனக்குத் தாராங்களாம். இங்க பாரு.”

டப்ளினிலிருந்து வந்த மெயில்தான். தேர்வானவர் விலகிக்கொண்டதால் அந்த இடம் உங்களுக்கு, இன்றைக்கே பதில் தேவை என்றிருந்தது.

“நான் எங்கட்டி விலகுனேன்?” என்றாள் பெர்சிஸ். “எனக்கு நேத்து மெயில் வந்துச்சு. சேருற தேதி தள்ளிப்போகுது, நாங்களே சொல்லுதோம், அதுவரைக்கும் எங்களக் கூப்பிட வேண்டாம்னு போட்டிருந்துச்சு.”

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு பேச்சு. பெர்சிஸ் நியமன உத்தரவிலிருந்த எண்ணுக்கு நேரே டப்ளினைக் கூப்பிட்டாள்.

எடுத்த அம்மாள் மரியாதையாகவே பேசினார். சனிக்கிழமை உங்கள் மெயில் முகவரியிலிருந்துதான் விலகல் கடிதம் வந்தது. இப்போது நீங்கள் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதியவர் பெர்சிஸா, பேசுகிறவர் பெர்சிஸா, எனக்கு எப்படித் தெரியும்? இன்று பட்டியலை மூடுகிறோம். வேறொருவர்தான் அனுப்பினார் என்று உங்கள் ஊர் போலீஸ் உறுதி சொன்னால் இடம் உங்களுடையது. உங்கள் நேரம் ஐந்து மணி வரை பொறுக்கலாம்.

கேள்வி நியாயமானதுதான். பெர்சிஸ் ஸ்வாதியையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

2.20. தென்காசி சைபர் கிரைம் காவல் நிலையம்.

சப் இன்ஸ்பெக்டர் பொன்செல்விக்குச் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். வாய் கொஞ்சம் துடுக்கு, கண் அதைவிடத் துடுக்கு. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மேசைக்கு மேல் கையை நீட்டி பெர்சிஸின் போனை வாங்கினார்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை மெயிலைத் திறந்தார். அனுப்பியவர் இடத்தில் ஆஸ்பத்திரியின் பெயர் கொட்டையாக இருந்தது. பெயரின் மேல் விரலை வைத்து அழுத்தினார். உள்ளே யாரும் இலவசமாக ஆரம்பிக்கக்கூடிய ஒரு முகவரி விழித்தது.

“கவர் மேல கலெக்டர்னு நான்கூட எழுதலாம்மா. பேரப் பாத்து நம்பக்கூடாது, பேருக்குப் பின்னால இருக்க முகவரியத் தொட்டுப் பாக்கணும். இது உன் வாயக் கட்ட எவனோ அனுப்புனது.”

“அப்ப என் பேர்ல போன மெயிலும் அப்படித்தானே மேடம்?”

“அப்படி இருந்தா உனக்கு நல்லது. பாப்போம்.”

கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தார். சனிக்கிழமை காலை 11.37க்கு வேறொரு போனில் இந்தக் கணக்கு திறக்கப்பட்டிருந்தது. விலகல் மெயில் போனது 11.42. அனுப்பிய தடயம் அழிக்கப்பட்டிருந்தது. போதாததற்கு, ஆஸ்பத்திரியின் உண்மையான முகவரியிலிருந்து எது வந்தாலும் நேரே குப்பைக்குப் போகும்படி ஒரு ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. குப்பைக்குள் டப்ளினின் நிஜ மெயில்கள் சத்தமில்லாமல் கிடந்தன. பொய்யாக வந்தது மட்டும் ராஜா மாதிரி முன்னால் உட்கார்ந்திருந்தது.

“இது கவர்ல பேர் எழுதுன வேலை இல்ல. உன் வீட்டுக்குள்ளயே பூந்து, உன் பேனாவ எடுத்து எழுதியிருக்கான். பாஸ்வேர்டு என்ன?”

“என் பேரும் பொறந்த வருசமும்.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“வீட்டு டிவில பாட்டுப் போடவும் இதே பாஸ்வேர்டுதான் மேடம். ஜெனோ அண்ணனுக்குத் தெரியும். ஸ்வாதிக்குத் தெரியும். ஞானதுரை அத்தானுக்குத் தெரியும். எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கவங்க.”

“பாவூர்சத்திரம் மார்க்கெட்ல கத்திரிக்கா விலையவிட உன் பாஸ்வேர்டு பிரபலமா இருக்கே. சரி, பாஸ்வேர்டு மட்டும் போதாது. உன் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. கோடு வந்திருக்கணுமே.”

வந்திருந்தது. சனிக்கிழமை 11.37. மெசேஜ் அப்படியே கிடந்தது.

“சாயங்காலம் பாத்தேன் மேடம். தெனமும் எத்தனையோ வருது. விட்டுட்டேன்.”

பொன்செல்வி நாற்காலியில் சாய்ந்தார். “இங்கதான் எனக்கு இடிக்குது. கோடு உன் போனுக்கு வந்திருக்கு. நீயே அனுப்பிட்டு இப்ப மனசு மாறி வந்திருக்கியோன்னு நாளைக்கு எவனும் என்னக் கேக்கலாம். ஆளக் காட்டாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

பெர்சிஸ் அழவில்லை. அழ நேரமில்லை என்று அவளுக்குத் தெரியும். “அப்ப ஆளக் கண்டுபிடிங்க மேடம். ரெண்டரை மணி நேரம் இருக்கு” என்றாள். அந்தப் பதில் பொன்செல்விக்குப் பிடித்துப்போயிற்று.

“மொதல்ல பாஸ்வேர்ட மாத்திருதேன்.”

“மாத்தாத. அந்தப் போன் இன்னும் உன் கணக்குக்குள்ளதான் இருக்கு. இருக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே போனைப் புரட்டினார். புத்தகம் போல மூடும் உறை. திறந்தால்தான் திரை தெரியும். மூடியின் உள்பக்கம் வெளிர்நீலத் துணி. அதில் கட்டைவிரல் அகலத்தில் நிறமில்லாத ஒரு கறை.

“இது என்ன?”

“சனிக்கிழமை பரோட்டா தின்ன கையோட தொட்டிருப்பேன் மேடம்.”

பொன்செல்வி முகர்ந்து பார்த்தார்.

“சனிக்கிழமை பதினொன்னு முப்பத்தேழுக்கு எங்க இருந்த?”

“குத்தாலத்துல. மெயின் அருவியில.”

அயர்லாந்து போவதற்கு முன்னால் ஒரு சீசன் குளியல் என்று நாலு பேரும் ஞானதுரையின் காரில் போயிருக்கிறார்கள். ஜெனோவுக்கு ஜலதோஷம், குளிக்கவில்லை. எல்லோருடைய போனையும் துணிமணியையும் ஒரே பையில் போட்டு அவனைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். குற்றாலத்துக்குக் கூட்டமாகப் போகிற எவரும் செய்கிற காரியம்தான்.

“போட்டோ எடுத்தியளா?”

ஸ்வாதி தன் போனில் காட்டினாள். மதியம் இரண்டு மணிக்கு, செங்கோட்டை ரோட்டில் பரோட்டாக் கடை வாசலில் நாலு பேரும். நல்ல வெயில். பெண்கள் இருவருடைய விரித்த கூந்தலும் காற்றில் பறந்தது. ஜெனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். நடுவில் ஞானதுரை, முடியைப் படிய வழித்துச் சீவி, தலை பளபளக்கச் சிரித்தான்.

பொன்செல்வி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார்.

“அண்ணனையும் அத்தானையும் கூப்பிடு. அன்னைக்கு வந்த மாதிரியே அதே கார்ல குத்தாலம் வரச் சொல்லு. வேலை போச்சு, வாங்கன்னு மட்டும் சொல்லு. போலீஸ்னு மூச்சு விடாத.”

3.40. குற்றாலம்.

ஐந்தருவிப் பக்கமிருந்து சாரல் வீசிக்கொண்டிருந்தது. மெயின் அருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல், பெண்கள் பக்கம் அதைவிடக் கூச்சல். இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அந்தப் பக்கத்துத் தலை தெரியாது. கரையோரம் பலகைகளில் ஆட்களைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அருவிக்கரைப் புறக்காவல் நிலையத்தில் ஏட்டு இசக்கிப்பாண்டி எழுந்து சல்யூட் வைத்தார்.

“சனிக்கிழமை தண்ணி கூடுச்சுல்லா? சைரன் எப்ப அடிச்சிய?”

“பதினொன்னு அம்பதுக்கு மேடம். விசிலடிச்சு எல்லாத்தையும் வெளியேத்துனோம். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எந்த அருவிலயும் ஆள விடல.”

கார் வந்தது. ஜெனோ இறங்கி ஓடிவந்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அப்பா பெஞ்சமினோடு காய்கறிக் கமிஷன் கடையில் நிற்பவன், சட்டையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. பின்னால் ஞானதுரை. தென்காசியில் அவர்களுக்கு மர டிப்போ. முப்பது வயது, பார்த்ததும் பிடித்துப்போகிற முகம். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் பெர்சிஸைத் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தவன் அவன்தான். உள்ளே காக்கியைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, பிறகு தானே முன்னால் வந்து கைகூப்பினான்.

பொன்செல்வி ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். முதலில் ஸ்வாதி.

“பெர்சிஸ் கூடவே நின்னியா?”

“முழுக்க இல்ல மேடம். குளிர் தாங்கல. வெளிய வந்து படியில உக்காந்திருந்தேன், கொஞ்ச நேரம்.”

“யாரும் பாத்தாங்களா?”

“தெரிஞ்ச ஆள் யாருமில்ல.”

“அவ போகலன்னா உனக்குத்தான வேலை?”

ஸ்வாதியின் கண் கலங்கியது. “ஆமா மேடம். அதான் மெயிலப் பாத்ததும் அவகிட்ட ஓடுனேன்.”

அடுத்து ஜெனோ.

“தங்கச்சி போறதுல உனக்கு இஷ்டமில்லையாமே?”

“சண்ட போட்டேன், இல்லங்கல. அப்பாவுக்குச் சுகர், நான் ஒத்தையில என்ன செய்யன்னு கேட்டேன். அதுக்காக அவ சோத்துல மண்ணள்ளிப் போடுவனா?”

“பைய விட்டு நகந்தியா?”

“ஒரு அடி நகரல மேடம். கைப்பிடியச் சுத்திப் பிடிச்சிக்கிட்டேதான் இருந்தேன்.”

“பையில யாரும் கை வச்சாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் எடுக்கல.”

“எடுத்தாங்களான்னு கேக்கல. கை வச்சாங்களா?”

ஜெனோ யோசித்தான். “வெளி ஆள் யாருமில்ல. மச்சான் எண்ணெய் தேச்சிட்டு வந்து அவரு பழைய போன எடுத்தாரு, பக்கத்துல நின்னு அதத் தட்டிக்கிட்டே துண்டு எங்கன்னு மறுபடி துழாவுனாரு. ரெண்டும் அவருதுதான மேடம். அருவிய வீடியோ எடுக்கணும்னாரு. நல்ல போன் நனஞ்சிரும்லா, அருவிக்குன்னே எல்லாரும் ஒரு பழசு கொண்டு வாரதுதான்.”

“அது எத்தன மணிக்கு?”

“மணி பாக்கல. நான் மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் சைரனுக்கு எல்லாரும் ஓடி வந்தாங்க.”

கடைசியாக ஞானதுரை. அவனே பேச ஆரம்பித்தான்.

“யாரு செஞ்சாலும் விடாதிய மேடம். பாவம், அவ உயிரே இந்த வேலைதான்.”

“நீங்க எங்க நின்னிய?”

“ஆம்பளைங்க பக்கம். எண்ணெய் தேச்சு, பதினோரு மணிக்கு அருவிக்குள்ள போயிட்டேன். நட்ட நடுவுல நின்னேன். சைரன் அடிச்சு போலீஸ்காரர் விசில் ஊதுன பெறவுதான் வெளிய வந்தேன்.”

“அம்பது நிமிசம்?”

“குத்தாலத் தண்ணிக்குள்ள நின்னா நேரம் தெரியுமா மேடம்?”

“எண்ணெய் தேச்ச பெறவு பை இருந்த பக்கம் போனியளா?”

“இல்ல. துண்டு தோள்லயே கெடந்துச்சு.”

“அதுக்கப்புறம் அன்னைக்கு வேற எங்கயும் குளிச்சியளா?”

“இல்ல. நேரா சாப்பிடப் போனோம். அதான் போட்டோகூட இருக்கே.”

“பாத்தேன்” என்றார் பொன்செல்வி.

4.25.

நாலு பேரையும் ஒன்றாக அறைக்குள் நிறுத்தினார். இசக்கிப்பாண்டி கதவை மறித்து நின்றார். வெளியே அருவி இரைந்தது.

“ஜெனோ சொல்லுதது உண்ம. ஒருத்தரும் பெர்சிஸ் போன எடுக்கல. எடுக்க அவசியமே இல்ல. பூட்டுன திரைமேலயே கோடு வரும், பூட்டத் திறக்காமலே படிச்சிரலாம். உறைய மட்டும் தூக்கிப் பாத்தாப் போதும். தூக்குனவன் கையில எண்ணெய் இருந்திருக்கு.”

வெளிர்நீலத் துணியை விரித்துக் காட்டினார்.

“சால்னான்னா செவப்பா இருக்கும். இது நல்லெண்ணெய். பொண்ணுங்க ரெண்டு பேரும் எண்ணெய் வைக்கல, வச்சிருந்தா அந்த வெயில்ல முடி அப்படிப் பறக்காது. ஜெனோ குளிக்கவே இல்ல.”

எல்லோரும் ஞானதுரையைப் பார்த்தார்கள். அவன் சிரிக்கப் பார்த்தான். “மேடம், துண்டு எடுக்கப் போனது மறந்துட்டேன் போல. பையில கை பட்டிருக்கும். அதுக்காக?”

“அது மறதின்னே வச்சுக்குவோம். அம்பது நிமிசம் குளிச்சதும் மறதியா?” போட்டோவை மேசையில் வைத்தார். “நானும் மொதல்ல ஈரத் தலைன்னுதான் நெனச்சேன். இடுப்பு வரைக்கும் முடி இருக்க ரெண்டு பொண்ணுங்களுக்கும் காஞ்சிருச்சு. விரக்கடை நீள முடி வச்சிருக்க ஆம்பளைக்கு மட்டும் எப்படிக் காயாம இருக்கும்? அது ஈரமில்ல, எண்ணெய். இந்த அருவில ரெண்டு நிமிசம் தலையக் குடுத்தாலே தேச்ச எண்ணெய் ஒரு சொட்டு நிக்காது. சீயக்காயே வேண்டாம். அதுக்குத்தான ஊரே எண்ணெய் தேச்சிட்டு வருது. நடு அருவில அம்பது நிமிசம் நின்னவரு, மதியம் ரெண்டு மணிக்கு எண்ணெய் வழிய பரோட்டா தின்னிருக்காரு.”

ஞானதுரையின் கை தானாகத் தலைக்குப் போய் இறங்கியது.

“நீங்க அருவிப் பக்கமே போகல. பலகையிலருந்து எந்திரிச்சு வந்து, பழைய போன்ல இவ பேரையும் பாஸ்வேர்டையும் போட்டிய. கோடு வந்துச்சு, துண்டு தேடுற சாக்குல பாத்துக்கிட்டிய. ஒதுக்குப்புறமா நின்னு மெயில் எழுதுனிய. முடிச்சிட்டு நிதானமாக் குளிக்கலாம்னு நெனச்சிய. எட்டு நிமிசத்துல சைரன் அடிச்சிருச்சு. அன்னைக்குப் பூரா அருவி இல்ல. குளிக்காம எப்படி, இவ்வளவு நேரம் எங்க இருந்தன்னு கேப்பாங்களேன்னு, துண்ட மட்டும் நனச்சுக்கிட்டு வந்து நின்னிய.”

“எல்லாம் உங்க கற்பன மேடம். ஆதாரம் இருக்கா?”

“பெர்சிஸ், உன் கணக்குல தொலஞ்ச போனத் தேடுற எடம் இருக்கும். அந்த இன்னொரு போன் இன்னும் உள்ள இருக்குல்லா? சத்தம் எழுப்புன்னு ஒண்ணு இருக்கும், அத அழுத்து.”

பெர்சிஸ் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அருவிச் சத்தம் மட்டும். ஞானதுரையின் தோள் மெல்லத் தளர்ந்தது.

அடுத்த நொடி அவன் பேண்ட் பையிலிருந்து வீறிட்டது.

அவன் அதைச் சைலண்டில்தான் வைத்திருந்தான். கணக்குக்குச் சொந்தக்காரர் தேடினால் சைலண்டில் கிடக்கிற போனும் அலறும் என்பது அவனுக்குத் தெரியாது. உருவி எடுத்து அணைக்கப் பார்த்தான். இசக்கிப்பாண்டி அதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“தென்காசியிலயே இந்தச் சத்தத்த எழுப்பியிருந்தா எங்கயோ ஒரு மேசை டிராயருக்குள்ள அடிச்சிருக்கும், அணைச்சுத் தாமிரபரணியில போட்டிருப்பாரு” என்றார் பொன்செல்வி. “வேலை போச்சுன்னு நீ கூப்பிட்ட பெறவு, டப்ளின்லருந்து என்ன வருதுன்னு நிமிசத்துக்கொருக்காப் பாக்காம இவரால இருக்க முடியாது. கையோட கொண்டு வருவாருன்னு தெரியும். அதான் உன்னப் பாஸ்வேர்ட மாத்த விடல.”

ஜெனோ பாய்ந்தான். ஸ்வாதிதான் குறுக்கே விழுந்து மறித்தாள்.

4.41. பொன்செல்வி தன் அலுவலக முகவரியிலிருந்து டப்ளினுக்கு எழுதினார். இந்தப் பெண்ணின் அடையாளத்தைத் திருடி இன்னொருவர் அனுப்பிய மெயில் அது, ஆள் பிடிபட்டார், வழக்கு எண் பின்னால் வரும்.

4.46. பதில் இல்லை. பெர்சிஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். ஸ்வாதி அவள் கையைப் பிடித்திருந்தாள். பெர்சிஸுக்கு இடம் திரும்பக் கிடைத்தால் தன் கைக்கு வந்த வேலை போய்விடும் என்பதை அறையில் யாரும் ஸ்வாதிக்கு நினைவூட்டவில்லை.

4.50. பொன்செல்வியின் போன் அடித்தது. தென்காசி நிலையத்திலிருந்து. டப்ளின் அம்மாள் மெயிலை நம்பவில்லையாம். தானே தேடி எடுத்த எண்ணில் நிலையத்தைக் கூப்பிட்டு, பொன்செல்வி என்று ஒருவர் உண்டா என்று விசாரித்திருக்கிறார்.

“இப்படித்தாம்மா இருக்கணும்” என்றார் பொன்செல்வி, மனம் குளிர்ந்து.

4.53. வீடியோ அழைப்பு. புகார் கொடுக்கக் கொண்டுவந்திருந்த பாஸ்போர்ட்டைப் பெர்சிஸ் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அந்த அம்மாள் நேர்காணலில் கேட்ட கேள்வி ஒன்றை மறுபடி கேட்டார். பெர்சிஸ் சொன்ன பதிலுக்குச் சிரித்துவிட்டார். இடம் உங்களுடையது, அடுத்த மாதம் பார்ப்போம், முதலில் உங்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றார்.

ஜெனோ மூக்கைத் துடைத்தான். இந்தத் தடவை ஜலதோஷத்தினால் இல்லை. ஸ்வாதி பெர்சிஸைக் கட்டிக்கொண்டு, “எனக்கு அடுத்த லிஸ்ட் வரும்ட்டி. அங்கன எனக்கு ஒரு ரூம் பாத்து வை” என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஞானதுரை அப்போதுதான் தலை நிமிர்ந்தான்.

“போகாதன்னு சொன்னா என்ன மட்டமா நெனப்பன்னு பயந்தேன் பெர்சி. நீ போயிட்டா திரும்பி வரமாட்ட. அதான். வேற கெட்ட எண்ணமில்ல. உன்ன விட்டுட்டு என்னால இருக்க முடியாது.”

பெர்சிஸ் அவன் எதிரே வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

“எம்பேர்ல ஒரு பக்கம் எழுதத் தெரிஞ்சுது. ஒங்க பேர்ல ஒரு வார்த்த கேக்கத் தெரியல. கேட்டிருந்தா, நான் நின்னுருப்பேன் அத்தான்.”

இசக்கிப்பாண்டி அவனை ஜீப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.